எதிரணி எத்தனை பஸ் தூரத்துல இருக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சீராக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை எங்க ஊர் குறுக்கு ரோட்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

சேத்தியாத்தோப்புன்னு சொன்னா சென்னையில பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனா கும்பகோணம் பஸ்ல போனவங்க எல்லாரும் அந்த ஊரைக் கடந்துதான் போயிருப்பாங்க. குறுக்கு ரோட்டுல நின்னு பாருங்க. வடக்கே போனா வடலூர், நெய்வேலி, பண்ருட்டி, அப்படியே சென்னை. தெற்கே கும்பகோணம். கிழக்கே புவனகிரி, சிதம்பரம். மேற்கே பீங்கான் ஊர் விருத்தாசலம். நாலு திசைக்கும் பஸ் போற ஊர். ஆனா எந்த டீமுக்கும் இது சொந்த ஊர் இல்ல.

இந்த நினைப்பு எனக்கு வந்ததுக்குக் காரணம் ஒரு ஆபீஸ் கால். எங்க டீம்ல அமெரிக்காவுல இருந்து வேலை பாக்கறவர் ஒருத்தர். ஒரு திங்கட்கிழமை மீட்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, தான் படிச்ச காலேஜோட ஃபுட்பால் டீம் வேற லீக்குக்கு மாறிட்டதைப் பத்திப் புலம்பினார். "இனிமே நாங்க யார்கூட ஆடுறோம்னே புரியல. அந்த ஊருக்கெல்லாம் நான் போனதே இல்ல"ன்னார். டீம் நல்லா ஆடுது, பணமும் கொட்டுது. அப்புறம் இந்த மனுஷனுக்கு என்ன வருத்தம்? அதைத் தேடப் போய், கடைசியில எங்க மாவட்டத்துக் காலேஜ்கள் கதைக்கு வந்து சேர்ந்தேன்.

ரயில் போட்ட லீக்

அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்றால் நம்ம கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்களே, அந்த ஆட்டம். காலேஜ்கள் சேர்ந்து 'கான்ஃபரன்ஸ்' என்று குழு அமைத்துக்கொள்ளும். ஒரே குழுவில் இருக்கும் காலேஜ்கள் சீசன்தோறும் தங்களுக்குள் ஆடும். அதில் ரொம்பப் பழசு ஒன்று, இன்று 'பிக் டென்' என்கிற குழு. 1896-ல் ஏழு பல்கலைக்கழகங்களோடு ஆரம்பித்தது. சிகாகோ, இல்லினாய், மிச்சிகன், மினசோட்டா, நார்த்வெஸ்டர்ன், பர்டூ, விஸ்கான்சின். மேப்பைத் திறந்து பாருங்க, எல்லாமே சிகாகோவைச் சுத்தி இருக்கிற மாநிலங்கள். அந்தக் காலத்துல ரயில் ஏறித்தான் ஆடப் போகணும், பையன்கள் திங்கட்கிழமை கிளாசுக்கும் திரும்பி வரணும். அதனால யார்கூட ஆடுறதுங்கிற கேள்விக்கு முதல் பதிலை மேப்பே சொல்லிடுச்சு.

பக்கத்து ஊரா இருந்தா இன்னொண்ணும் நடக்கும். பழைய பகை தானா வந்து ஒட்டிக்கும். மிச்சிகனுக்கும் ஒஹாயோ ஸ்டேட்டுக்கும் நடக்கிற மேட்ச் அந்த நாட்டோட பெரிய மேட்ச்களில் ஒன்று. முதலில் ஆடியது 1897-ல். ஆனால் அதற்கு அறுபது வருடம் முன்னாடியே, 1835-ல், டொலிடோ என்ற ஊர் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பக்கமும் தகராறு. எல்லைக்குப் படையே திரட்டி அனுப்பினார்கள். கடைசியில் ஊர் ஒஹாயோவுக்குப் போனது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே 300 கிலோமீட்டர்தான். தோத்தவனோட ஆபீஸ்லயே ஜெயிச்சவனும் வேலை பாப்பான். மாமியார் வீடு ஒரு பக்கம், அம்மா வீடு இன்னொரு பக்கம்னு இருக்கும். மிச்சிகன் டீம் ஆடும் ஆன் ஆர்பர் ஊரின் மக்கள்தொகை சுமார் ஒண்ணேகால் லட்சம். மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் பேர் உட்காரலாம். ஒரு ஊரே எழுந்து மேட்சுக்குப் போற மாதிரி.

இதை மாற்றியது டிவி. 1984 வரை காலேஜ் ஃபுட்பாலின் டிவி உரிமை முழுக்கத் தேசிய விளையாட்டு அமைப்பின் கையில் இருந்தது. அது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று அந்த வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதுக்கப்புறம் காலேஜ்களும் கான்ஃபரன்ஸ்களும் தாங்களே உரிமையை விற்க ஆரம்பித்தன. டிவிக்காரனுக்கு ரயில் தூரம் முக்கியம் இல்ல. எந்தப் பெரிய நகரத்துல எத்தனை வீட்டுல டிவி ஓடுதுங்கிறதுதான் கணக்கு. 2014-ல் நியூயார்க், வாஷிங்டன் பக்கத்துக் காலேஜ்கள் பிக் டென்னுக்குள் வந்தன. 2024-ல் பசிபிக் கடற்கரையில் இருந்து நாலு காலேஜ்கள் வந்தன. இப்போது மொத்தம் 18. பேர் மட்டும் இன்னும் 'பெரிய பத்து'. கோட் முழுசா மாறிடுச்சு, வேரியபிள் பேரை மட்டும் யாரும் மாத்தல.

இன்னொரு குழுவுக்குப் பேரே 'அட்லாண்டிக் கடற்கரை'. அதே 2024-ல் அதில் சேர்ந்தது கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபர்டும் பெர்க்லியும். அவங்க இருக்கிறது பசிபிக் கடற்கரையில! லாஸ் ஏஞ்சலஸில் இருந்து நியூஜெர்சிக்கு ஒரு லீக் மேட்ச் ஆடக் கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும். பணம் சம்பாதிப்பது ஃபுட்பால். வாரநாளில் அத்தனை தூரம் பறந்து, பரீட்சைக்கும் படிக்க வேண்டியது வாலிபால் ஆடும் பொண்ணு. என் ஆபீஸ் நண்பர் புலம்பினதுக்கும் வேர் இங்கதான் இருக்கு. அவரோட எதிரணியை அவர்கிட்ட இருந்து எடுத்துட்டாங்க.

நடந்து போற தூரத்துல ஒரு போர்

அது பணக்கார நாட்டு விவகாரம், நமக்கு என்னன்னு தோணலாம். ஆனா இந்த உணர்ச்சி அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தம் இல்ல. தமிழ் பேசற ஒரு ஊர்லயே இதுக்கு அருமையான உதாரணம் இருக்கு: யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் 1904-ல் இருந்து ஒரு கிரிக்கெட் மேட்ச் நடக்கிறது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் இரண்டும் பள்ளிக்கூடங்கள். 'வடக்கின் பெரும் போர்' என்றுதான் சொல்வார்கள். ஒரே நகரத்துக்குள் இரண்டு பள்ளி. உள்நாட்டுப் போர்க்காலத்தில் சில வருடங்கள் மேட்ச் நின்றுபோனது. திரும்ப ஆரம்பித்தபோது கூட்டமும் திரும்பி வந்தது. லண்டன், டொரண்டோ என்று சிதறிப்போன பழைய மாணவர்கள் இன்றும் அந்த மூன்று நாள் ஸ்கோரைத் தேடிப் பார்க்கிறார்கள்.

அங்க பெரிய டிவி பணம் எதுவும் இல்ல. இருக்கிறது மூணே விஷயம். எதிரணி பக்கத்துல இருக்கு. வருஷம் தவறாம அதே எதிரணி. ஆடுறது நம்ம ஊர்ல. இந்த மூணையும் மனசுல வச்சுக்கிட்டு இப்ப இந்தியாவுக்கு வாங்க.

நாலு மண்டலம்

இந்தியாவில் ரஞ்சிக் கோப்பை ஆரம்பித்ததே மேப்பை வைத்துத்தான். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நாலு மண்டலம். மத்திய மண்டலம் பிறகு வந்தது. முதல் மேட்ச் 1934 நவம்பர் 4, சேப்பாக்கத்தில் மெட்ராசும் மைசூரும். மைசூர் முதல் இன்னிங்சில் 48, இரண்டாவதில் 59. மெட்ராஸ் 130. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். மேட்ச் ஒரே நாளில் முடிந்துபோனது.

ஆக, ரஞ்சியோட முதல் மேட்சே பக்கத்து வீட்டுச் சண்டை. 1957-58-ல் இருந்து மண்டலத்துக்குள் லீக் முறை வந்தது. அப்புறம் ஒவ்வொரு சீசனும் மெட்ராசுக்கு மைசூர், ஹைதராபாத், ஆந்திரா, கேரளா கட்டாயம். ஊர்ப் பேரெல்லாம் தமிழ்நாடு, கர்நாடகா என்று மாறியபோதும் எதிரணி மாறவில்லை. ஒரு வருஷம் தோத்தா அடுத்த வருஷம் பழி வாங்கலாம், அது நிச்சயம்.

2002-03 சீசனில் அந்த முறையை எடுத்துவிட்டு, டீம்களை எலைட், பிளேட் என்று இரண்டு தட்டாகப் பிரித்தார்கள். நியாயமா பாத்தா காரணம் தப்பில்ல. மண்டலங்களோட பலம் சமமா இல்ல. ஒரு மண்டலத்துல நாலாவதா வர்ற டீம் இன்னொரு மண்டலத்துல முதலாவதா வரலாம். பலமான டீமும் பலமான டீமும் அதிகம் மோதினா ஆட்டத்தோட தரம் ஏறும். ஆனா அன்னைக்கு ஒண்ணு போச்சு. தமிழ்நாடும் கர்நாடகாவும் ஒரே குரூப்பில் விழுந்தால்தான், அல்லது நாக்-அவுட்டில் சந்தித்தால்தான் மேட்ச். வருஷாவருஷம் கட்டாயம் வர்ற சண்டைங்கிறது போயிடுச்சு. தரத்துக்காகக் கொடுத்த விலை அது.

வேலூருக்குப் போன விருத்தாசலம்

கிரிக்கெட்டை விடுங்க. காலேஜ் விளையாட்டுன்னுதானே ஆரம்பிச்சோம்? இப்ப எங்க மாவட்டத்துக்கு வர்றேன்.

நம்ம ஊர்ல அமெரிக்கா மாதிரி கான்ஃபரன்ஸ் கிடையாது. ஆனா அதே வேலையை வேற ஒண்ணு செய்யுது: இணைப்புப் பல்கலைக்கழகம். ஒரு அரசு கலைக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருக்கிறதோ, அதன் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில்தான் ஆடும். அங்கே நன்றாக ஆடுபவர்களைப் பொறுக்கி எடுத்துப் பல்கலைக்கழக டீம். அந்த டீம் தென்மண்டலப் போட்டிக்குப் போகும். அதைத் தாண்டினால் அகில இந்தியா. ஆக, உன் காலேஜ் எந்தப் பல்கலைக்கழகம்ங்கிறதுதான் நீ யார்கூட மோதுற, உன்னை யார் பாக்கறாங்கங்கிறதைத் தீர்மானிக்குது.

எங்க பக்கம் அந்த மேப் எப்படி மாறிச்சுன்னு பாருங்க. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் இருந்து இருக்கிறது. சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறினால் இருபத்தைந்து கிலோமீட்டர் சுமார். ஆனால் அது தன் வளாகத்துக்குள்ளேயே நடத்தும் பல்கலைக்கழகமாக இருந்தது, சுற்றி உள்ள கல்லூரிகளை இணைத்துக்கொள்ளவில்லை. அதனால் விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, கடலூர் பெரியார் கலைக் கல்லூரி, சிதம்பரத்தை ஒட்டிய சி. முட்லூர் அரசு கலைக் கல்லூரி எல்லாமே சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உருவானபோது வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் அதன் கீழ் போயின.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் இடம் சேர்க்காடு. வேலூரையும் காட்பாடியையும் தாண்டி, ஆந்திர எல்லைப் பக்கம். விருத்தாசலத்தில் இருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சி. முட்லூர் பையன் நிலைமை இன்னும் வேடிக்கை. சில கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய பல்கலைக்கழகம், அதுல மைதானமும் இருக்கு. ஆனா அவன் சேர வேண்டிய பல்கலைக்கழக டீம் இருக்கிறது வேலூர் டீம்.

இதுல இழப்பு என்னன்னு யோசிங்க. டீம் தேர்வு வேலூர் பக்கம் நடந்தா, காலையில ஏழு மணிக்கு அங்க நிக்க முந்தின நாள் சாயங்காலமே பஸ் ஏறணும். பஸ் காசு, சாப்பாடு, ராத்திரி தங்க இடம். கூலிக்குப் போற வீட்டுப் பிள்ளைக்கு அது சின்னக் காசு இல்ல. பொண்ணா இருந்தா வீட்டுல அனுப்புவாங்களாங்கிறது தனிக் கேள்வி. நல்லா ஆடுற ஒருத்தி ஆட்டத்தால தோத்தா பரவாயில்ல. பஸ் தூரத்தால தோத்தா, அவ தோத்ததே யாருக்கும் தெரியாது.

2021-ல் மறுபடி மேப் மாறியது. அந்த வருட ஆரம்பத்தில் விழுப்புரத்தில் தனிப் பல்கலைக்கழகம் அமைக்கச் சட்டம் வந்தது. ஆட்சி மாறிய பிறகு, ஆகஸ்டில், அதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்க்கும் சட்டம் வந்தது. அரசியலாகப் பெரிய சண்டை நடந்தது, அதுக்குள்ள நான் போகல. விளைவை மட்டும் பாருங்க. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தின் கீழ் வந்தன. மூணையும் சேர்த்து வரைஞ்சா என்ன வருது? 1993-ல் பிரிப்பதற்கு முன்னால் இருந்த பழைய தென்னாற்காடு மாவட்டம்! எங்க தாத்தா காலத்து ஆளுங்க இன்னமும் 'சௌத் ஆற்காடு'ன்னு சொல்ற அதே நிலம்.

விளையாட்டை யோசிச்சு யாரும் போட்ட கோடு இல்ல இது. ஆனாலும் கடலூர், விருத்தாசலம், சிதம்பரம், விழுப்புரம், திண்டிவனம், கள்ளக்குறிச்சின்னு, ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச, பொண்ணு கொடுத்து எடுத்த ஊர்களோட லீக் ஒண்ணு போட இடம் கிடைச்சிருக்கு. 1896-ல் சிகாகோவைச் சுத்தி அமைஞ்ச மாதிரியே.

பேர் மட்டும் ஊர்

ஆனா மேப் மட்டும் போதாது. அதுக்குச் சாட்சி டிஎன்பிஎல்.

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ல் எட்டு டீமோடு ஆரம்பித்தது. எல்லாம் ஊர்ப் பேர்கள்: சேப்பாக், தூத்துக்குடி, திண்டுக்கல், காரைக்குடி, கோவை, மதுரை, காஞ்சி, திருவள்ளூர். கேக்க ஆசையா இருந்துச்சு. மேட்ச் நடந்தது சென்னை, திண்டுக்கல் பக்கம் நத்தம், திருநெல்வேலி, இந்த மூணே இடத்துல. காரைக்குடி காளை அணி காரைக்குடியில் ஒரு மேட்ச்கூட ஆடவில்லை. அடுத்த வருடமே காஞ்சி அணி திருச்சி அணியானது. பிறகு தூத்துக்குடி அணி சேலம் ஆனது, காரைக்குடி அணி திருப்பூர் ஆனது. அந்தத் திருப்பூர் டீம்தான் 2025-ல் கோப்பையும் ஜெயித்தது. காரைக்குடியில ஒரு பையன் நாலு சீசன் 'நம்ம டீம்'னு பாத்திருப்பான் இல்லையா? அவன் இப்ப திருப்பூருக்குக் கைதட்டணுமா?

கடலூர், விழுப்புரம் பக்கத்துக்கு டீமே வரல, அது வேற. ஆனா வந்திருந்தாலும் மைதானம் நம்ம ஊர்ல இல்லைன்னா, பேர்ப்பலகையைத் தவிர வேற என்ன கிடைச்சிருக்கும்?

காலேஜ் விளையாட்டிலும் இதே ஓட்டைதான். நம்ம நாட்டில் பெரும்பாலும் ஒரு கல்லூரி போட்டியை நடத்தும், எல்லா டீமும் அங்கே போய், இரண்டு மூன்று நாளில் நாக்-அவுட்டாக ஆடி முடித்துவிடும். வாரநாள் காலை பத்து மணி. முதல் மேட்ச்ல தோத்தா மதியமே பஸ் ஏறணும். பாக்கறது நடுவரும் பி.டி. வாத்தியாரும். நீ எங்க ஊருக்கு வா, நான் அடுத்த வருஷம் உங்க ஊருக்கு வர்றேன்ங்கிற ஏற்பாடே கிடையாது. எதிரணி பக்கத்துல இருந்தும், ஊர் அதைப் பாக்கறதே இல்ல.

அப்ப சிஎஸ்கே?

இந்த இடத்துல நீங்க கேப்பீங்க. சேத்தியாத்தோப்புல எல்லாப் பையனும் மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு சிஎஸ்கே பாக்கறானே, சேப்பாக்கம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கே, தூரம் எங்க தடுத்துச்சு?

நியாயமான கேள்வி. டிவி ஒரு டீமை எங்க வேணா கொண்டுபோய்ச் சேர்க்கும், உண்மைதான். ஆனா எந்த மேட்சுக்கு டீக்கடையில சத்தம் அதிகம்னு கவனிச்சுப் பாருங்க. பஞ்சாப் மேட்சுக்கா, பெங்களூர் மேட்சுக்கா? பெங்களூருக்குத்தான். அது ஐபிஎல் கண்டுபிடிச்ச பகை இல்ல. 1934-ல் சேப்பாக்கத்தில் ஆரம்பித்தது, நடுவில் ஒரு ஆறும் ஓடுது. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டம் நடந்தபோது சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச்தான் நடந்தது. மீதி சொந்த ஊர் மேட்ச்கள் புனேவுக்குப் போயின. எங்க ஊருக்குத் தெற்கே இருக்கிற வீராணம் ஏரிக்குக் கொள்ளிடம் வழியா வர்றதும் காவிரித் தண்ணிதான். டிவி அந்த மேட்சைக் காட்டுச்சு. சண்டையை மேப் எப்பவோ போட்டு வச்சிருந்துச்சு.

அதனால டிவி வேண்டாம், எல்லாரும் ரயில் காலத்துக்குப் போகணும்னு நான் சொல்லல. பெரிய லீக் பெரிய லீக்காகவே இருக்கட்டும். நான் கேக்கறது சின்ன விஷயம். பழைய தென்னாற்காட்டுக் கல்லூரிகள் இப்ப ஒரே குடையில இருக்கு. கபடி, வாலிபால் ரெண்டு ஆட்டம் போதும். வருஷத்துல ஒரு தேதி, அது மாறக்கூடாது. ஒரு வருஷம் விருத்தாசலத்துல, அடுத்த வருஷம் கடலூர்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ஊர் வேலை முடிச்சுட்டு வர்ற நேரத்துல. இதுக்கு ஸ்டேடியம் வேண்டாம், கயிறு கட்டின மைதானமும் நாலு விளக்கும் போதும். பொங்கலுக்குக் கிராமங்கள்ல இளைஞர் மன்றங்கள் நடத்துற போட்டிக்கு எவ்வளவு கூட்டம் நிக்குதுன்னு நம்ம எல்லாரும் பாத்திருக்கோம். அந்தக் கூட்டத்துக்குக் காலேஜ் டீமைக் காட்டினா போதும்.

அப்ப சிதம்பரம் பஸ்லயும் விருத்தாசலம் பஸ்லயும் ரெண்டு காலேஜ் பசங்க வந்து எங்க குறுக்கு ரோட்டுல இறங்கி டீ குடிப்பாங்க. சண்டை வரும்தான், வரட்டும்.

உங்க காலேஜ்ல 'இவங்ககிட்ட மட்டும் தோக்கக்கூடாது'ன்னு ஒரு எதிரணி இருந்துச்சா? அது எந்த ஊரு, எத்தனை பஸ் தூரம்? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.